நாற்பது சதவீதம் மக்கு

உலக சுகாதார நிறுவனம் பிறப்பதற்கு முன்பே நம் பள்ளிக்கூடங்களில் நோய்க்குறியீட்டு முறை நடைமுறையில் இருந்தது. மக்கு. மண்டு. தத்தி. மரமண்டை. இந்த நான்கும் தமிழ்நாடு முழுக்கச் செல்லும். ஐந்தாவது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். சமவெளியில் ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’. கொடைக்கானல் மேல்மலையில் ‘பூண்டு உரிக்கத்தான் லாயக்கு’. பரிசோதனைக் கட்டணம் கிடையாது. காத்திருக்க வேண்டியதில்லை. வாத்தியார் ஒரு பார்வை பார்ப்பார். சான்றிதழ் அங்கேயே கிடைத்துவிடும். வகுப்பே சாட்சி. ஆயுளுக்கும் செல்லும்.

இப்போது நாகரிகம் வந்துவிட்டது. மக்கு என்று சொல்லக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி எஃப் 81.0 என்று சொல்ல வேண்டும். அது வாசிப்புக் குறைபாடு, டிஸ்லெக்சியா. எஃப் 81.1 என்றால் எழுத்துக்கூட்டல். 81.2 கணக்கு. கலந்து வந்தால் 81.3. எந்தப் பெட்டியிலும் அடங்காவிட்டால் 81.9, அதாவது ‘வகைப்படுத்தப்படாதது’. இதுவும் பழைய கதை. 2022 ஜனவரியில் அந்தப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு அமலுக்கு வந்து அத்தனையையும் 6ஏ03 என்று மாற்றிவிட்டது. ஜெனீவாவில் பெட்டிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மேல்மலைப் பூம்பாறையில் மூன்றாம் வகுப்பில் ஒரு வரி வாசிக்க மூச்சு முட்டும் பையன் மட்டும் இடம் மாறவில்லை. அதே கடைசி வரிசை. அதே சுவர் ஓரம்.

அவனுக்கு மூளை இல்லை என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அவனோடு பூண்டுக் காட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். கையில் தூக்கியே எடை சொல்வான். எது முதல் ரகம், எது கழிவு என்று தடவியே பிரிப்பான். வியாபாரி தராசில் விரல் வைத்தால் அவன் கண் முதலில் பார்க்கும். எழுத்து மட்டும்தான் அவனிடம் வம்பு செய்கிறது. அது ஏன் என்று ஊர்ப் பெயரை வைத்தே பார்க்கலாம். கொடைக்கானல். வாயில் முதலில் வருவது ககர ஒலி. ஏட்டில் முதலில் நிற்பது கொம்பு. அதற்குப் பிறகு க. அதற்கும் பிறகு கால். ஒரே ஒரு ஒலியைப் பிடிக்கக் கண் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அதைத் தாண்டினால் அடுத்த எழுத்துக்கு இன்னொரு கொம்பு, அதுவும் முன்னால். இதையெல்லாம் பிழைத்து வந்தால் ன, ண, ந வரிசை கட்டி நிற்கிறது. பின்னாலேயே ல, ள, ழ. நமக்கு ஆறு வயதில் தானாக ஓட ஆரம்பித்த இந்த ஓட்டம் அவனுக்கு ஓடவில்லை. அவ்வளவுதான் வியாதி. சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றி, ஒலி ஒலியாகப் பிரித்து, தினமும் கொஞ்ச நேரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவனும் வாசிப்பான். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் என்ற அமைப்பு சென்னையில் 1991 முதல் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. 2007-ல் இப்படியொரு பையனின் கதையாக ‘தாரே ஜமீன் பர்’ படம் வந்தபோது தியேட்டரில் நாடே அழுதது. அழுது முடித்துக் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையின் ரேங்க் கார்டைக் கேட்டது.

அவனுக்காவது ஒரு பெட்டி இருக்கிறது. அவனுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். குறளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குவாள். ஆனால் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கணக்கில் பத்தாம் இடத்து எண்ணை ஒன்றாம் இடத்துக்குக் கீழே எழுதுவாள். வரைபடத்தில் வைகை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் விழிப்பாள். டீச்சர் முகம் சிவந்து நிற்கும்போது இவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அது கோபம் என்று அவளுக்குத் தெரியாது. முகமும் சைகையும் இடமும் திசையும் அவளுக்குப் படிக்க முடியாத புத்தகம். 1967-லேயே ஜான்சன், மைக்கில்பஸ்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதிவைத்துவிட்டார்கள். சொல்சாராக் கற்றல் குறைபாடு. கனடாவின் பைரன் ரூர்க் அதன் மேல் ஒரு வாழ்நாள் ஆராய்ச்சியே செய்தார். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஐந்தாவது கையேட்டை அச்சிட்டது. அதில் இந்தப் பெயர் இல்லை.  நம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலிலும் இந்தப் பெயர் இல்லை. ஆக, நல்ல மருத்துவர் கையில் சிக்கினால் அவளுக்கு 81.9. சிக்காவிட்டால் நம்முடைய பழைய குறியீடு தயாராக இருக்கிறது: ‘வாய்க்கொழுப்பு’. அதற்கு மருந்தும் உண்டு. பிரம்பு.

மூன்றாவது பிள்ளை வாயே திறப்பதில்லை. கை பிடித்து இழுத்துத்தான் தண்ணீர் கேட்கும். பள்ளிக்கே வராது. ஆட்டிசமா, பேச்சுக் குறைபாடா என்று யாரும் பார்த்ததில்லை. ‘அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு’ என்று பாட்டி சொல்வாள். எட்டு வயதானால் பழனிக்கு ஒரு வேண்டுதல். பத்து வயதானால் வேண்டுதலும் நின்றுவிடும்.

சரி, சட்டம் என்ன செய்தது? 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகை. கற்றல் குறைபாடும் இல்லை, ஆட்டிசமும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எட்டு வகையாகப் பிரித்து எண்ணியது, நாட்டில் 2.68 கோடிப் பேர் என்றது. அதிலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டம் இல்லை. 2016-ல் புதுச் சட்டம். ஏழு, இருபத்தொன்றானது. ஆட்டிசம் வந்தது. பேச்சு, மொழிக் குறைபாடு வந்தது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு வந்தது. 2017 ஏப்ரல் 19-ல் அமலுக்கும் வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, இந்தக் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ற கற்பித்தலைக் கொடு என்கிறது. 17-ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கெடு, முதல் கணக்கை இரண்டே ஆண்டுக்குள் முடி என்கிறது. அதாவது 2019 ஏப்ரலுக்குள். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு அப்படி யாராவது வந்தார்களா? உங்கள் வீட்டில்தானே பிள்ளை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்குமே.

‘எவ்வளவு சீக்கிரம் முடியுமோ’ என்று சட்டம் எழுதிய கை ஓய்வதற்குள், 2018 ஜனவரியில் விதிமுறை எழுதிய கை வந்தது. சான்றிதழ் எட்டு வயது நிறைந்த பிள்ளைக்கு மட்டும் என்றது. அதுவும் தற்காலிகம். பதினான்கில் மறுபடி வா. பதினெட்டில் இன்னொரு முறை வா. பதினெட்டில் கொடுப்பதுதான் ஆயுளுக்கும் செல்லும். பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு, படிக்க முடியாது என்பதற்கு நிரந்தரச் சான்று. ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்து எட்டு வயது வரை அந்தப் பிள்ளை எந்தக் குறியீட்டில் இருக்கும் என்று விதி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அதுதான் மக்கு என்று ஏற்கெனவே இருக்கிறதே.

சோதிக்க என்ன கருவி? பெங்களூரு நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுதி. நல்ல கருவி, குறை அதில் இல்லை. அதன் முதல் நிலை ஐந்து முதல் ஏழு வயதுக்கு. இரண்டாம் நிலை எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு. அதோடு முடிகிறது. ஆனால் அந்த 2018 விதியோ பதினான்கிலும் பதினெட்டிலும் வந்து அதே சோதனையை எழுது என்றது. பன்னிரண்டு வயதுக்குத் தைத்த சட்டையைப் பதினெட்டு வயதுக்காரனுக்கு மாட்டிப் பார்த்து, பொத்தான் போட முடியவில்லை என்று அவனையே குறைசொல்லும் தையல்காரரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? தில்லியில் இருந்தார். அரசிதழில் கையெழுத்துப் போட்டார்.

மொழிக்கு வருவோம். இந்திய மொழிகளிலேயே வாசிப்புக் குறைபாட்டைச் சோதிக்க மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஒரு கருவியை உருவாக்கி 2015-ல் வெளியிட்டது. பெயர் டாலி. முதலில் வந்த மொழிகள் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் இல்லை. அதற்காக மானேசரைத் திட்டுவது சுலபம். செம்மொழி என்று 2004-ல் பட்டம் வாங்கி, 2010-ல் கோவையில் உலக மாநாடு நடத்தி, ஊர் ஊராகத் தோரணம் கட்டிய நாம் அந்தப் பத்தாண்டில் என்ன செய்துகொண்டிருந்தோம்? மொழிக்கு வணக்கம் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த மொழியை வாசிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளையைச் சோதிக்க ஒரு தாள் அச்சடிப்பது வாழ்த்துப் பாட்டுக்குப் பொருத்தமான வேலை இல்லையே.

இனி பயணம். சான்றிதழ் தரும் குழுவில் நான்கு தரப்பு இருக்க வேண்டும் என்றது அதே 2018 விதி: மருத்துவமனைத் தலைமை, குழந்தை மருத்துவர், உளவியலாளர், பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் அல்லது அவருக்கு நிகரானவர். இந்த நால்வரும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரும் ஊர் மலையில் இல்லை. மேல்மலைக் கிளாவரையிலிருந்து கொடைக்கானலுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கு இன்னொரு நூறு. போக ஒரு நாள், வர ஒரு நாள். பஸ்ஸில் பிள்ளை வாந்தி எடுத்தது தனி. இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. இதைக் கவனியுங்கள்: அந்த விதிப்படி பிள்ளைக்கு எட்டு வயதில் ஒருமுறை, பதினான்கில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை. சாலைக்கே பல தலைமுறை காத்திருந்த வெள்ளக்கெவி மலைக்கிராமத்துக்காரர்கள் முதலில் மலைப்பாதையில் நடந்து தீர்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பஸ்ஸே.

கீழே போனால் உரையாடல் இப்படித்தான் நடக்கும். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எல்லா அலுவலகமும்தான்.

“ஏம்மா, பிள்ளைக்கு என்ன?”

“படிப்பு வரலைங்க சார்.”

“அது வியாதி இல்லம்மா. வீட்ல உக்காத்தி வெச்சுப் படிக்கச் சொல்லு.”

“எனக்கே படிக்கத் தெரியாதுங்களே சார். டீச்சர்தான் செயலியில வந்திருக்குன்னு அனுப்புனாங்க.”

“எந்தச் செயலி?”

“அது தெரியாதுங்க.”

“கேட்டுட்டு அடுத்த வாரம் வா.”

அந்தச் செயலியின் பெயர் ‘நலம் நாடி’. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்தது. 21 வகைக் குறைபாடுகளையும் ஆசிரியரே கண்டுபிடித்துப் பதிவேற்ற வேண்டும். நோக்கத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை; அறிகுறி தெரிந்த ஆசிரியர் இல்லாத பள்ளியில் எதுவும் தொடங்காது என்பது உண்மை. ஆனால் மலையில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நாளை நினைத்துப் பாருங்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவருக்குப் பயிற்சி முகாம். மீதி இருக்கும் ஒருவர் காலையில் வருகைப் பதிவைக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும், பிறகு உணவுக் கணக்கு, பிறகு விலையில்லாப் பொருள் கணக்கு, ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட மதிப்பீடு, இடையில் 21 குறைபாடுகள். சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வாத்தியார் வகுப்பில் இல்லை என்பதுதான் குறை. அதற்குச் செயலியில் கட்டம் இல்லை.

இதற்கு முன்பும் கண்டுபிடித்தார்கள். 2013-ல் தேசியச் சிறார் நலத் திட்டம் வந்தது; மருத்துவக் குழு வேனில் பள்ளிக்குப் போய் முப்பது வகைக் கோளாறுகளைப் பார்க்கும் ஏற்பாடு. கற்றல் குறைபாடும் அந்தப் பட்டியலில் உண்டு. வேன் கண்டுபிடிக்கும். செயலி கண்டுபிடிக்கும். மதிப்பீட்டுத் தாள் கண்டுபிடிக்கும். தொலைந்து போன பிள்ளையைக்கூட இத்தனை பேர் தேடுவதில்லை. ஒவ்வொரு துறையும் ஒருமுறை கண்டுபிடித்து, படம் எடுத்து, பதிவேற்றி, கைதட்டி, பிள்ளையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறது.

சான்றிதழ் இப்போது காகிதம் இல்லை. 2021 ஜூன் முதல் எல்லாம் ஆன்லைன். யூடிஐடி அட்டை. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை. நாற்பது முதல் எண்பதுக்குள் மஞ்சள். எண்பதும் மேலும் நீலம். அட்டைக்குக்கூட நிறம் தீட்டத் தெரிந்த அரசு நம்முடையது. 2024 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். முன்பு ஒரு மாதத்தில் தர வேண்டிய சான்றிதழுக்கு இப்போது மூன்று மாதம். மருத்துவக் குழுவால் இரண்டு ஆண்டாகியும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், விண்ணப்பம் செல்லாது. பிள்ளையின் அம்மா மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். மறுபடி படித்துப் பாருங்கள். முடிவெடுக்காதவர் டாக்டர். தண்டனை அம்மாவுக்கு. ஒரு வேலையை இரண்டு ஆண்டாக முடிக்காத மாணவனுக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்லியாயிற்று. மருத்துவக் குழுவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவர்களுக்குக் குறைபாடு இல்லை, பணிச்சுமை.

இந்த நாற்பது எங்கிருந்து வந்தது? சட்டப்படி நாற்பது சதவீதம் இருந்தால்தான் ஒதுக்கீடு. உயர்கல்வியில் ஐந்து சதவீதம், அரசு வேலையில் நான்கு. கால் இல்லை என்றால் அளக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் அளவுகோல் உண்டு. வாசிக்க முடியாமையை எப்படிச் சதவீதத்தில் சொல்வது? பத்து எழுத்தில் நான்கு தெரியாவிட்டால் நாற்பதா? மருத்துவப் படிப்பு விதிமுறைகளை 2019-ல் திருத்திய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. அது நேர்மையாக ஒரு காரியம் செய்தது. கற்றல் குறைபாட்டின் தீவிரத்தை அளக்க இப்போதைக்கு அளவுகோல் இல்லை, ஆகவே நாற்பது என்ற எல்லை தன்னிச்சையானது என்று அரசிதழிலேயே எழுதியது. எழுதிவிட்டு, அதே பட்டியலில் அதே நாற்பதை வைத்தது. பொய் என்று தெரிந்தே பொய் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்த ஆவணம் உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை.

பேச்சு, மொழிக் குறைபாட்டில் இதைவிட அழகு. எம்பிபிஎஸ் சேர மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு வேண்டுமா? நாற்பது சதவீதம் காட்டு. காட்டினாயா? நாற்பது இருப்பதால் நீ டாக்டருக்குப் படிக்கத் தகுதியில்லை, போ. கதவுக்குச் சாவி கொடுத்து, சாவி வைத்திருப்பவர்கள் உள்ளே வரக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். மகாராஷ்டிர மாணவர் ஒருவர் 44, 45 சதவீதம் என்ற சான்றிதழோடு இந்தக் கதவில் முட்டி, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2024 அக்டோபர் 15-ல் நீதிபதிகள் கவாய், அரவிந்த் குமார், விஸ்வநாதன் அமர்வு சொன்னது: எண்ணைப் பார்க்காதே, இந்தப் பிள்ளையால் படிக்க முடியுமா என்று பார். இதைச் சொல்ல மூன்று நீதிபதிகள் வேண்டியிருந்தது. ஒரு நல்ல ஒன்றாம் வகுப்பு டீச்சர் காலை பத்து மணிக்குள் சொல்லிவிடுவார்.

இன்னொரு மாணவி. எழுத்துக் குறைபாடு, நாற்பது சதவீதச் சான்றிதழ் கையில். 2021 நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் அவருக்கு உரிமை. தேர்வு மையத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் தேர்வு முகமையைக் கண்டித்தது. அநீதி நடந்தது என்று தீர்ப்பில் எழுதியது. மறுதேர்வு மட்டும் இல்லை. என்ன பரிகாரம் செய்யலாம் என்று ஒரு வாரத்தில் யோசிக்கும்படி முகமையிடமே சொன்னது. பறித்தவரிடமே, எப்படித் திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசனை கேட்கும் நீதி. வயிறு நிறைந்தது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு உலகமே அலைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2019-ல் அமெரிக்காவில் பல்கலைக்கழகச் சேர்க்கை ஊழல் வெடித்தது. கோடீஸ்வரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கி, கூடுதல் நேரமும் தனி அறையும் பெற்று, அங்கே ஆள் வைத்து விடைத்தாளைத் திருத்தினார்கள். குறைபாடு இல்லாதவனுக்குச் சான்றிதழ் உண்டு. குறைபாடு உள்ளவனுக்குக் குறைபாடு மட்டும் உண்டு. நம் ஊரில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குச் சலுகைகள் இருக்கின்றன: சொல்வதை எழுத ஓர் ஆள், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க, முதலில் அப்பா அம்மா ஒரு நல்ல பள்ளிக்குக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். கொடைக்கானலில் 1901 முதல் இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கிறது. வேறு பெரிய உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. இதுமாதிரி இடங்களில் பிள்ளை வாசிக்கத் திணறினால் யாரோ ஒருவர் கவனிப்பார். அது தவறில்லை, அதுதான் சரி. அந்தச் சரி சுற்றுச்சுவரைத் தாண்டி வெளியே வராததுதான் நமக்கு எரிச்சல். அதே மலை, அதே குளிர், அதே வயது. ஒருத்திக்குத் தனிப் பயிற்சி. ஒருத்திக்குத் தனி இடம், முட்டி போட.

எதையும் அளக்கத் தெரியாத மலையும் இல்லை இது. சூரிய ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனில் விழும் புள்ளியை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாள் நாளாகப் படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி இங்கிருந்துதான் உலகத்துக்கே ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னார். காய்ச்சல் அளக்கும் தெர்மாமீட்டரையும் இந்த மலைதான் செய்தது. அமெரிக்காவிலிருந்து பெட்டி கட்டி வந்த அந்த ஆலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசத்தை அள்ளிய தொழிலாளிகள் தங்கள் உடம்பில் என்ன நடந்தது என்பதைக் காகிதத்தில் நிரூபிக்க பதினைந்து ஆண்டு போராடி, 2016-ல் 591 பேருக்கு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வந்தது. காகிதத்தில் ஏறாத வலி இந்த நாட்டில் வலியே இல்லை என்று கொடைக்கானலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி பணம். கண்டுபிடித்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க யார்? சிறப்புப் பயிற்றுநர். 2021-ல் உச்ச நீதிமன்றம் கணக்கே போட்டுக் கொடுத்தது: தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். 2025 மார்ச்சில் மறுபடி கூப்பிட்டு, பணியிடங்களை அறிவியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. மூன்று ஆண்டுக்கு மேலாகியும் பல மாநிலங்கள் அறிவிக்கவே இல்லை என்று இதற்கு அர்த்தம். தமிழ்நாட்டில் இவர்களில் பெரும்பாலோர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியம் வாங்குகிறவர்கள். பல பள்ளிகளுக்கு ஒருவர். திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் ஒரு பள்ளி, மலையில் பஸ் வந்தால் புதன் ஒரு பள்ளி. நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்கார்ந்தால் போலீஸ் வேனில் ஏற்றி மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விடுவார்கள். வாராவாரம் யாராவது உட்காருவதால் செய்தியும் ஆகாது.

அந்தத் திட்டத்தின் பணமும் 2024-25-ல் நின்றது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், பிறகு தருகிறேன் என்றது தில்லி. மாட்டேன் என்றது சென்னை. 2,152 கோடி ரூபாய் நடுவில் தொங்கியது. மும்மொழியா இருமொழியா என்று இரண்டு பக்கமும் தொண்டை கட்டும் வரை பேசினார்கள். ஒரு மொழியையே வாசிக்க முடியாத பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பவரின் சம்பளமும் அதே மூட்டைக்குள்தான் இருந்தது. மொழிக்காக உயிரைக் கொடுப்போம் என்று ஒரு பக்கம். தேச ஒற்றுமைக்காக எதையும் கொடுப்போம் என்று மறுபக்கம். கொடுத்தது என்னவோ இந்தப் பிள்ளைகளின் ஓராண்டை. அதை இரண்டு பக்கமும் தாராளமாகக் கொடுத்தார்கள். அவர்களுடையது இல்லையே.

ஆள் இல்லை, வசதி இல்லை, மலை ஏறுவது சிரமம் என்பார்கள். நம்பலாம். ஆனால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் ஒவ்வொரு சுற்றுலாக் காருக்கும் இ-பாஸ். உயர் நீதிமன்றம் கேட்டது, செய்தார்கள். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், எல்லாம் விரல் நுனியில். 2025 ஏப்ரலில் வரம்பும் வந்தது: சாதாரண நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. காருக்குக் குறியீடு ஒரு நிமிடத்தில் வருகிறது. அதற்கு எட்டு வயது ஆக வேண்டியதில்லை. பதினான்கில் மறுபரிசோதனை இல்லை. மனம் இருந்தால் இந்த அரசால் எதையும் எண்ண முடியும் என்பதற்கு மலையடிவாரச் சோதனைச் சாவடியே சாட்சி.

மலை ஏறுவதும் அப்படியொன்றும் சிரமம் இல்லை. மே மாதம் கோடை விழா. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. அமைச்சர் வருவார், ஆட்சியர் வருவார், துறைத் தலைவர்கள் வருவார்கள், அவர்கள் வீட்டார் வருவார்கள், வீட்டாரின் வீட்டாரும் வருவார்கள். அரசு வண்டிகள் மலைப்பாதையில் ஒன்றின் பின் ஒன்றாக ஏறும். பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளையின் அம்மா அந்த வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு நிற்பாள். கார்னேஷன் பூவில் யானை செய்து வைத்திருப்பார்கள். எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த மே மாதம் அந்த வண்டிகளில் ஒன்றே ஒன்றைக் கொடுங்கள். அதில் நால்வரை ஏற்றுங்கள்: மருத்துவ அதிகாரி, குழந்தை மருத்துவர், உளவியலாளர், சிறப்புப் பயிற்றுநர். பூங்கா வாசலில் இறக்கிவிடாமல் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று நேராக விடச் சொல்லுங்கள். பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளையும் விட்டுவிடாதீர்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், மொமென்டோ வேண்டாம். ஒரு மேசை, நான்கு நாற்காலி, தமிழில் அச்சடித்த சோதனைத் தாள். முடிந்ததும் மூன்று பேரைத் திரும்பக் கூட்டிவந்துவிடுங்கள். சிறப்புப் பயிற்றுநரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சம்பளத்தோடு.